வாட்டசாட்டமான இறால்

இங்க உக்காருங்க தம்பி, காலியாத்தான் இருக்கு. பையைக் கீழ வைக்காதீங்க, இப்பதான் பினாயில் போட்டுத் தொடச்சுட்டுப் போச்சு அந்தம்மா. டோக்கன் வாங்கிட்டீங்கள்ல? அந்தச் சீட்டுதான். இந்த ஆஸ்பத்திரியில ஆம்பளைங்க டோக்கன் வேற, பொம்பளைங்க டோக்கன் வேற. ஆம்பளைங்க வரிசை சீக்கிரமா போயிடும். வர்றவங்க கம்மி.

என் நம்பர் அப்பவே வந்துடுச்சு. திருவாரூர் பஸ்ஸைப் பிடிக்கணும்னு ஒருத்தர் தவிச்சாரு, அவருக்கு விட்டுக் குடுத்துட்டேன். அப்புறம் இன்னொருத்தர் வந்தாரு. அவருக்கு ஒரு அவசரமும் இல்ல, நானாத்தான் போங்க போங்கன்னேன். நீங்களும் போறதுன்னா போங்க. எனக்கு என்ன, உக்காந்திருக்கலாம், ஃபேன் நல்லா ஓடுது.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் எனக்காக வரல. எனக்கு ஒரு கோளாறும் கிடையாது. பாத்தாலே தெரியுதுல்ல? இந்தக் கையைப் பிடிச்சுப் பாருங்க. சும்மா பிடிங்க. குளத்து மோட்டாரை ஒத்த ஆளா தூக்கிக் கரையில வைப்பேன் தம்பி. வைரக்கண்ணுன்னு வேதாரண்யம் பக்கம் வந்து கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

வீட்டம்மாவுக்காகத்தான் வந்திருக்கேன். அதோ எதிர்ப்பக்கம், மாம்பழக் கலர் சேலை. பேரு இளவரசி. நாங்க இப்ப பேசிக்கிறதில்ல. தை மாசத்துலேருந்து அவ அண்ணன் வீட்டுல இருக்கா. ‘ஆம்பளைங்களுக்கு எடுக்கிற டெஸ்ட்டை எடுக்கட்டும், அப்புறம் வர்றேன். இல்லாட்டி வரமாட்டேன்’னு ஆள் மூலமா சொல்லி விட்டுட்டா. டெஸ்ட்டு நல்லபடியா வந்தாத்தான் வருவேன்னு சொல்லல, அதைக் கவனிங்க. எடுத்தா போதுமாம். எப்படி வந்தாலும் வருவாளாம். பிடிவாதம்னா பிடிவாதம்.

பக்கத்துல ஒல்லியா, செல்லை நோண்டிக்கிட்டு ஒருத்தன் இருக்கான் பாருங்க. அவன்தான் அந்த அண்ணன். என் மச்சான் மதியழகன். எல்லாம் அவனால வந்தது. அவன் மட்டும் அன்னைக்கு அந்த ஊசியை எடுத்துக்கிட்டு வராம இருந்திருந்தா, நான் இந்நேரம் குளத்துக்குத் தீவனம் போட்டுக்கிட்டு இருப்பேன்.

உங்களுக்கு இறாலைப் பத்தித் தெரியுமா? சாப்பிடத் தெரியும். சரி, அது போதும்.

எனக்கு இறால் குளம் இருக்கு. மச்சான் வேலை பாக்குறது ஹேச்சரியில, இறால் குஞ்சு பொரிச்சு விக்கிற இடம். அங்க லேப்ல இருக்கான். மெதுவா பேசுவான். எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு மெதுவா பேசுவான். எனக்கு அதுவே பிடிக்காது.

போன வருஷம் அந்த ஹேச்சரியில ஒரு புதுக் குஞ்சு தயார் பண்ணாங்க. நம்ம கடல்ல கிடைக்கிற வெள்ளை இறால்தான், ஆனா மலடு. தானா மலடானது இல்ல தம்பி, ஆக்குனது. அது எப்படின்னா, தாய் இறாலை வச்சிருக்கிற ரூமை நீங்க பாக்கணும். பகல் முழுக்க கும்மிருட்டு. ராத்திரியானா லைட்டைப் போட்டுப் பகலாக்கிடுவாங்க. இறாலுக்கு முட்டை போட இருட்டு வேணும். அதுக்காக மனுஷன் விடிய விடிய முழிச்சிருக்க முடியுமா? அதான் இறாலை ஏமாத்தி வச்சிருக்காங்க. அது ராத்திரின்னு நெனச்சுக்கிட்டு நம்ம சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி முட்டையைப் போட்டுடும்.

முட்டை விழுந்த சூட்டோட அள்ளி ஜில்லுத் தண்ணியில போடணும். அது பதம். கொஞ்சம் முந்துனாலும் போச்சு, பிந்துனாலும் போச்சு. ஒவ்வொரு முட்டையும் தாய் குடுத்த பங்குல ஒண்ணை வெளியில தள்ளிவிடுமாம், அது அதோட வழக்கம். திடீர்னு குளிர்ந்ததுல விறைச்சுப் போயி அதைத் தள்ளாம விட்டுடும். அப்ப என்ன ஆகுது? தாய் பங்கு ரெண்டு, தகப்பன் பங்கு ஒண்ணு, மூணு பங்கோட குஞ்சு பொரிஞ்சு வருது. ட்ரிப்ளாய்டுன்னு அவங்க சொல்லுவாங்க. நாங்க மூணுபங்குன்னு சொல்லுவோம். தகப்பனுக்கு ஒரு பங்குதான்னு கேட்டப்ப எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

மூணு பங்கை வச்சுக்கிட்டுச் சரிபாதியா பிரிக்க முடியுமா? முடியாது. அதனால அதுக்கு வாரிசு உண்டாகாது. முட்டைக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் சதைக்குப் போயிடும், கொழுகொழுன்னு வளரும். ஹேச்சரிக்காரனுக்கு இன்னொரு வசதி, நம்மளை மாதிரி ஆளு அதை வச்சுச் சொந்தமா குஞ்சு பொரிக்க முடியாது. திரும்பத் திரும்ப அவன் வாசல்லயே போயி நிக்கணும். இதெல்லாம் மச்சான் எனக்கு விளக்கமாத்தான் சொன்னான். சொல்லலன்னு நான் சொல்ல மாட்டேன்.

என் குளத்துல விட்டுப் பாக்குறதுக்கு அவன்தான் பேசி வாங்கிக் குடுத்தான். ‘மாப்ள, பிடிக்கும்போது ஒண்ணு விடாம அவங்ககிட்டயே குடுத்துடணும், எடுத்து வச்சுக்கக் கூடாது’ன்னான். தலையை ஆட்டுனேன். அப்பதான் இன்னொண்ணும் சொன்னான். ஜில்லுத் தண்ணி எல்லா முட்டைகிட்டயும் பலிக்காது, சிலது தப்பிச்சுக்கும், ஒரே குளத்துல மூணுபங்கும் இருக்கும், சாதாவும் கலந்து இருக்கும்னான். ‘எது எதுன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது மாப்ள. ரத்தம் எடுத்து மெஷின்ல விட்டாத்தான் தெரியும்’னான். மெஷின் உள்ள இருக்கிற பங்கை அளந்து கம்ப்யூட்டர்ல ஒரு மேடு வரைஞ்சு காட்டுமாம். சாதா இறாலுக்கு ஒரு இடத்துல மேடு வரும். மூணுபங்குக்கு அதே மேடு இன்னும் தள்ளிப் போயி நிக்குமாம்.

கண்ணால பாத்துச் சொல்ல முடியாதாம்! எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. தண்ணி கலரைப் பாத்து நோவு வரப் போறதைச் சொல்றவன் நான். இவன் ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு எனக்குக் கண்ணைப் பத்திச் சொல்றான்.

நல்லதும் கலந்திருக்குன்னு அவன் வாயாலயே வந்துடுச்சுல்ல? அந்த நல்லதை மட்டும் பொறுக்கி வச்சுக்கிட்டா நாமளே குஞ்சு பொரிச்சுக்கலாமே? குளம் பிடிக்கிற அன்னைக்கு, மச்சான் அந்தப் பக்கம் போயிருந்த நேரமா பாத்து, நான் பொறுக்குனேன்.

நீங்களே சொல்லுங்க, மலடுன்னா எப்படி இருக்கும்? வத்தலா, சோகையா, நோஞ்சானா இருக்கும். நல்லதுன்னா வாட்டசாட்டமா இருக்கும். சின்னப்புள்ளைக்குத் தெரியும் இது. வலையில வந்ததுலயே பெருசு, சும்மா தளதளன்னு, தூக்குனா கையை விட்டுத் துள்ளி விழுற மாதிரி பாத்துப் பாத்து எடுத்தேன். ஆணும் அப்படித்தான், நல்ல கட்டுமஸ்தான ஆணா எடுத்தேன். நோஞ்சானெல்லாம் வீட்டை ஒட்டி, குளத்துத் தண்ணி வடியுற மதகுக் குழியில தள்ளிட்டேன்.

ஏன் தம்பி சிரிக்கிறீங்க? மூணுபங்குதான் கொழுகொழுன்னு வளரும்னு நானே இப்ப சொன்னேனா? சொன்னேன். உங்ககிட்டச் சொல்லும்போது தெளிவாத்தான் இருக்கு. அன்னைக்கு இறாலைக் கையில பிடிச்சதும் அதெல்லாம் மறந்து போச்சு. அழகா இருந்துச்சு தம்பி.

வீட்டுக்குப் பின்னால சிமெண்டுத் தொட்டி. மேல பச்சை நெட்டு கட்டி இருட்டாக்குனேன். கணவாய் மீனை நறுக்கிப் போட்டேன், கடல் புழு வாங்கிப் போட்டேன். வீட்டுக் குழம்புக்குக் கணவாய் கிடையாது, இறாலுக்கு உண்டு. பெட்டை இறால் முட்டைக்குத் தயாரானா முதுகுல தலையிலேருந்து வால் வரைக்கும் ஒரு பச்சைக் கோடு ஓடும், ஓட்டுக்கு மேலயே தெரியும். அந்தக் கோட்டுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். பொழுது சாஞ்சா டார்ச்சை எடுத்துக்கிட்டுத் தொட்டியடிதான். ஒண்ணையும் காணோம்.

தண்ணி சரியில்லன்னு மாத்துனேன். உப்பு பத்தலன்னு கடல் தண்ணி கொண்டாந்து ஊத்துனேன். ரோட்டு லாரிச் சத்தம் ஆகலையோன்னு சாக்கைத் தொங்க விட்டேன். எது பண்ணாலும் அதுங்க தின்னுது, வளருது, மினுமினுன்னு சுத்துது. அவ்வளவுதான்.

இளவரசிதான் கணவாய் நறுக்கிக் குடுப்பா. தொட்டி விளிம்புல உக்காந்து எட்டிப் பாத்துட்டு, ‘இன்னைக்கும் இல்லையா?’ம்பா. தினமும் கேப்பா. நல்ல மனசோடதான் கேக்குறா, தெரியுது. ஆனா தினம் ஒருத்தர் வந்து நின்னு ‘இன்னும் ஒண்ணும் இல்லையா, இன்னும் ஒண்ணும் இல்லையா’ன்னு கேட்டா ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. தூங்க முடியாது தம்பி. எங்கம்மா மாசாமாசம் இவகிட்ட ‘விசேஷம் உண்டா’ன்னு கேக்கும், அது பெரியவங்க, கேப்பாங்க. எல்லாரும் கேக்கலாமா?

ஒருநாள் எரிச்சல்ல சொல்லிட்டேன். ‘உன் கண்ணு பட்டுத்தான் இதுங்களுக்கு ஒண்ணும் தங்கல. நீ இந்தத் தொட்டிப் பக்கமே வராத’ன்னேன்.

ஒரு வார்த்தைதான் தம்பி. கையை ஓங்கல. கத்தக்கூட இல்ல. அவ கையில கணவாய்க் கிண்ணம் இருந்துச்சு. அதைக் கீழ வச்சுட்டு உள்ள போயிட்டா. மெதுவாத்தான் வச்சா. சத்தமே வரல.

அதுக்கப்புறம் தொட்டிப் பக்கம் அவ வரவே இல்ல. மிச்சம் மீதி கணவாய்த் தலையை எங்கயோ கொண்டுபோயிக் கொட்டிட்டு வருவா. நானும் எங்கன்னு கேக்கல.

என்ன பாக்குறீங்க? அவளுக்குப் பாக்காம இல்ல தம்பி. இதே ஆஸ்பத்திரிதான், எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. நான்தான் வண்டியில கூட்டிக்கிட்டு வருவேன். எதுத்தாப்புல டீக்கடை பாத்தீங்களா, அங்க கீரை வடை நல்லா இருக்கும். அவளுக்கு ஒரு குறையும் இல்லன்னுதான் ரிப்போர்ட்டு வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா, ‘வீட்டுக்காரரை ஒரு தடவை வரச் சொல்லும்மா’ன்னு சொல்லுமாம். அவரு குளத்துல வேலையா இருக்காருன்னு இவ சொல்லிடுவாளாம். நான் டீக்கடையிலதான் இருப்பேன்.

ரிப்போர்ட்டுல நல்லா இருக்குன்னா போதுமா? எங்கயாச்சும் ஒரு குறை இருக்கணும்ல? என்கிட்ட இல்ல, அப்ப அவகிட்டத்தானே இருக்கும். கணக்கு அப்படித்தானே வருது.

சரி, கதைக்கு வர்றேன். பொங்கலுக்கு மச்சான் சீர் வரிசையோட வந்தான். இவ நேரா தொட்டியைக் காட்டிக் குடுத்துட்டா. ‘அண்ணே, இதுங்களுக்கு என்னன்னு பாரு. என் கண்ணு பட்டுத்தான் இப்படின்னு அவரு சொல்றாரு. நிஜமான்னு எனக்குத் தெரியணும்’னா.

அவன் நெட்டை விலக்கிப் பாத்தான். கொஞ்ச நேரம் யோசிச்சான். நான் ஏமாத்தி எடுத்து வச்சதுக்குக் கத்துவான்னு பாத்தேன், நெட்டைப் பழையபடி இழுத்து மூடிட்டுப் போயிட்டான். மறுநாள் ஒரு ஊசியோட வந்தான். ஒவ்வொண்ணுகிட்டயும் துளி ரத்தம் எடுத்தான். ஆணைக் கையில பிடிச்சு லேசா அமுக்குனான், அதோட விந்து வெள்ளையா பொட்டலம் மாதிரி வெளியில வரும், அதையும் எடுத்துக்கிட்டான். நானும் சும்மா இருப்பேனா? சந்தையில உயிரோட வாங்குன கடல் இறால் ஒண்ணோட ரத்தத்தையும் எடுக்கச் சொல்லி, குப்பியில எதுலேருந்து எடுத்ததுன்னு எழுதாம, எனக்கு மட்டும் தெரியுற அடையாளம் வச்சுக் கலந்து குடுத்தேன். மெஷின் யோக்கியதை தெரியணும்ல.

அந்த ஞாயித்துக்கிழமையே வந்துட்டான். செல்லுல படத்தைக் காட்டுனான். ‘மாப்ள, இந்த ஒண்ணு மட்டும் சாதா. மத்தது அத்தனையும் மூணுபங்கு. ஒண்ணு தப்பாம பொறுக்கி இருக்கீங்க’ன்னான். அந்தச் சாதா எதுன்னு பாத்தா, நான் சந்தையில வாங்குனது.

‘பெட்டை சரி, ஆணு?’ன்னேன்.

‘ஆணும்தான் மாப்ள. அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சு லென்ஸ்ல பாத்தேன். வெளியில பாத்தா எல்லாம் ஒழுங்கா இருக்கு. உள்ள சரக்கு இல்ல’ன்னான்.

சொல்லும்போது என்னைப் பாத்தான். நான் தொட்டியைப் பாத்தேன்.

அப்ப இளவரசி, ‘அண்ணே, இங்க வா’ன்னு கூப்பிட்டா. மதகுக் குழியடியில நின்னுக்கிட்டு இருக்கா. போயிப் பாத்தா, நான் தள்ளுன நோஞ்சானெல்லாம் அதுல கிடக்குது. கணவாய்த் தலையை இவ இங்கதான் கொண்டாந்து போட்டுக்கிட்டு இருந்திருக்கா. வாளியில ஒண்ணை மொண்டு காட்டுனா. விரல் மொத்தம்தான் இருக்கும் தம்பி, பாக்கச் சகிக்கல. முதுகுல தலையிலேருந்து வால் வரைக்கும் பச்சைக் கோடு.

எத்தனை நாள் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கோட்டுக்காக நின்னேன்! அது மதகுக் குழியில, ஒருத்தரும் பாக்காத இடத்துல கிடந்திருக்கு. இவ பாத்துக்கிட்டு இருந்திருக்கா.

அவ வாளியைக் கீழ வச்சுட்டு அண்ணன்கிட்டக் கேட்டா, ‘ஏண்ணே, நீங்க ஆணையும் சேத்துத்தான் டெஸ்ட் பண்ணுவீங்களா?’

அவன் இந்தத் தடவை யோசிக்கவே இல்ல. ‘பின்ன? ஒண்ணை மட்டும் பாத்துட்டு என்னத்தம்மா தெரிஞ்சுக்கிறது? ரெண்டையும்தான் பாக்கணும்’னான்.

இவ சரின்னுட்டு வீட்டுக்குள்ள போனா. திரும்பி வரும்போது கையில பை. அண்ணன் வண்டியில ஏறி உக்காந்துட்டா. சண்டை இல்ல, அழுகை இல்ல. அழுதிருந்தாலாவது எதாச்சும் சொல்லியிருப்பேன். வண்டி கிளம்புற வரைக்கும் நான் அந்த வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

இதுல மச்சான் மேலதான் எனக்குக் கோவம். இறால் விஷயம் பேச வந்தவன் இறாலோட நிறுத்திக்கணுமா இல்லையா? சரி, அவன் இறாலைப் பத்தித்தான் பேசுனான். இருந்தாலும்.

அதுங்க இன்னும் தொட்டியிலதான் இருக்கு. குழம்பு வச்சுடலாம்தான். வைக்க ஆளில்ல. நானும் சாயங்காலம் ஆனா போயி விளிம்புல உக்காந்துக்குவேன். ‘இன்னைக்கும் இல்லையா’ன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது. அன்னைக்கு அவ்வளவு எரிச்சலா இருந்துச்சு, இப்ப யாராச்சும் வந்து கேட்டா தேவலைன்னு இருக்கு. வீடு ஒரு மாதிரி ஆயிடுச்சு தம்பி. அதான் வந்துட்டேன்.

டெஸ்ட்டுக்குப் பயந்துக்கிட்டு இங்க உக்காந்திருக்கேன்னு நெனைக்காதீங்க. எனக்குத்தான் ஒண்ணுமில்லையே. பாத்தாலே தெரியுது. நான் அந்த ஆண் இறாலையும் பாத்துட்டு இதேதான் சொன்னேன், அது வேற விஷயம். ஒருவேளை, சும்மா ஒரு பேச்சுக்கு, மேடு தள்ளிப் போயி நின்னுச்சுன்னு வைங்க. இவ்வளவு வருஷமா அவளைப் பேசுன பேச்சையெல்லாம் நான் எங்க கொண்டுபோயி வைக்கிறது? அது ஒண்ணுதான். மத்தபடி பயமெல்லாம் இல்ல.

இருங்க, அவ எந்திரிக்கிறா. இந்தப் பக்கம்தான் வர்றா. நீங்க எந்திரிக்காதீங்க தம்பி, உக்காருங்க, உக்காருங்க.

என்னது? கூப்பிட்டாங்களா? எனக்குக் கேக்கல இளவரசி. இந்தத் தம்பி பேசிக்கிட்டே இருந்தாரு.

பல தடவை கூப்பிட்டாச்சாம். ஆம்பளைங்க யாரும் மிச்சம் இல்லையாம், நாம ரெண்டு பேருதானாம். ‘எந்திரிங்க, நானும் வர்றேன், உங்களுக்கு வழி தெரியாது’ங்கிறா. நேரா போயித் திரும்புனா கடைசிக் கதவாம். கொக்கி சரியா விழாதாம், கொஞ்சம் தூக்கிப் போடணுமாம். கொக்கி வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கா பாருங்க.

ஏன் இளவரசி, உள்ள ஊசி எதுவும் போடுவாங்களா?

‘உங்களுக்குக் கிடையாதுங்க. ஊசியெல்லாம் எனக்குத்தான்’ங்கிறா.

சரி தம்பி, நான் போயிட்டு வர்றேன். அடுத்தது நீங்கதான், யாருக்கும் விட்டுக் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. இரு இளவரசி, வர்றேன். ஆமா, இதுவரைக்கும் உனக்கு எத்தனை ஊசி போட்டிருப்பாங்க? நெசமாத்தான் கேக்குறேன். சொல்லு, நடந்துக்கிட்டே சொல்லு.